ஓஸ் மாட்டிவிட்டுத் தூங்கலாமா? படகுத் தண்ணீர் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் இன்ஜின் இறக்குவார்கள், பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். தண்ணீர் லைன் மட்டும் கடைசி வாரத்தில்தான் நினைவுக்கு வரும். கரைக்குழாயிலிருந்து படகுக்குத் தண்ணீர் எடுப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணக்குகளை உங்கள் படகின் அளவுக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எங்கள் படகு 60 அடி. ராத்திரியில் கரைக்குழாயிலிருந்து முக்கால் இஞ்ச் ஓஸை நேராகச் சமையல்கட்டு லைனில் மாட்டிவிடுவோம். கூரை டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஓட வேண்டாம், பேட்டரியும் மிச்சம். போன மாதம் காலையில் வந்து பார்த்தால் இன்ஜின் அறையில் முழங்கால் அளவு தண்ணீர். சிங்க்குக்கு அடியில் ஒரு கிளிப் கழன்று கிடந்தது. எந்த கிளிப் வாங்கினால் கழலாது?
– விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

கிளிப்பை மாற்றத்தான் வேண்டும். ஆனால் கிளிப் கழன்றதைவிடப் பெரிய தவறு, அந்த லைனில் இரவு முழுக்கக் கரைப் பிரஷர் நின்றது.

அந்த லைன் எதற்காகப் போடப்பட்டது என்று பாருங்கள். வீல் ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) கூரையில் டேங்க், அங்கிருந்து இரண்டரை மீட்டர் கீழே குழாய். 10 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் 1 கிலோ பிரஷர் தரும் என்றால், இரண்டரை மீட்டர் தருவது கால் கிலோ. கால் கிலோவுக்காகத் திருகிய கிளிப்பில் நீங்கள் கொண்டுவந்து மாட்டுவது 2 கிலோ, சில இடங்களில் 3 கிலோ. எட்டு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு. பகலில் நான்கு பேர் குழாயைத் திறந்து வைத்திருப்பதால் லைனில் பிரஷர் இறங்கியிருக்கும். எல்லோரும் மூடிவிட்டுப் போன பிறகு, நீங்கள் தூங்கும் நேரத்தில், ஏறும். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் லைனாக இருந்தால் இன்னும் மோசம். காலிக் குழாயில் முதலில் காற்று வரும், அதன் பின்னால் தண்ணீர் ஓடிவந்து மூடிய குழாயில் மோதும். ஓஸ் ஒரு உதறு உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். கிளிப் நழுவுவது பெரும்பாலும் அந்த உதறலில்தான்.

இனி, நழுவிய பிறகு நடப்பது. சொந்த டேங்கிலிருந்து கசிந்தால் அதிகபட்சம் 500 லிட்டரோ 1000 லிட்டரோ போகும். டேங்க் காலியானதும் தானாக நின்றுவிடும். கரைக்குழாய் நிற்காது. முக்கால் இஞ்ச் ஓஸ் நிமிடத்துக்கு 30 லிட்டரைச் சுலபமாகத் தரும். (உங்கள் ஓஸ் எவ்வளவு தருகிறது என்று அறிய 20 லிட்டர் பக்கெட் போதும். 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டர்.) இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கணக்குப் போட்டால் 14,400 லிட்டர். பதினான்கு டன்னுக்கும் மேல். படகில் ஓட்டையே இல்லாமல், நல்ல தண்ணீரால் படகு மூழ்குவது இப்படித்தான்.

படகின் அடிப்பள்ளமான பில்ஜில் சேரும் தண்ணீரை இறைக்க பில்ஜ் பம்ப் இருக்கிறதே என்பீர்கள். பெட்டியில் மணிக்கு 500 கேலன் என்று அச்சிட்ட சின்ன பம்ப், தண்ணீரை உயரம் தூக்காமல் தள்ளும்போதுதான் நிமிடத்துக்கு 31 லிட்டர் தரும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தூக்கி, வளைந்த நெளிவு ஓஸ் வழியாகத் தள்ளும்போது பாதிதான் மிஞ்சும். ஆக, உள்ளே வருவது 30, வெளியே போவது 15. பேட்டரி இறங்கிய பிறகு அதுவும் இல்லை.

மூழ்குவதற்கு முன்பே இன்னொரு ஆபத்து உண்டு. 50 டன் எடையுள்ள படகின் அடியில், 6 மீட்டர் நீளம் 3 மீட்டர் அகலத்துக்கு 10 சென்டிமீட்டர் தண்ணீர் பரவி நின்றால் அதன் எடை 2 டன்கூட இல்லை. ஆனால் படகு சாயும்போது அந்தத் தண்ணீரும் சாயும் பக்கமே ஓடும். படகை நிமிர்த்தி இழுக்கும் பலத்தை மெட்டாசென்ட்ரிக் உயரம் என்ற அளவால் சொல்வார்கள். இந்த மெல்லிய தண்ணீர்ப் பரப்பு அதில் சுமார் 26 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். ஒற்றைத் தளம் உள்ள மீன்பிடிக் கப்பலுக்கு அனைத்துலக விதிகள் கேட்கும் குறைந்தபட்சமே 35 சென்டிமீட்டர்தான். அந்த நேரத்தில் நான்கு பேர் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை யோசியுங்கள்.

ஆகவே முடிவு இதுதான்: கரைத் தண்ணீர் டேங்க் வரைக்கும் மட்டும் வரட்டும். டேங்கிலிருந்து குழாய்க்குப் போவது படகின் சொந்த உயரத்தாலோ சொந்த பம்பாலோ நடக்கட்டும். டேங்க் நிறையும் வரை ஓர் ஆள் கரைக்குழாய் பக்கத்தில் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 30 லிட்டர் என்றால் 1000 லிட்டர் டேங்குக்கு 34 நிமிடம், அவ்வளவே. நிறைந்ததும் முதலில் கரைக்குழாயை மூடுங்கள். படகு முனையில் உள்ள வால்வை மட்டும் மூடிவிட்டுப் போனால் ஓஸ் முழுப் பிரஷரோடு கிடக்கும். பிறகு ஓஸைக் கழற்றிச் சுருட்டி எடுத்துவிடுங்கள். மாட்டியே கிடக்கும் ஓஸை யாராவது நல்ல எண்ணத்தோடு திறந்துவிடுவார்கள்.

கிளிப்புக்கு வருவோம். ஓஸ் ஏறும் நிப்பிள் வரிவரியாக, குறைந்தது இரண்டு கிளிப் உட்காரும் நீளத்தில் இருக்க வேண்டும். இரண்டு கிளிப் போட்டு, திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் வருமாறு திருப்புங்கள். வாங்கும்போது கையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். பட்டை ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கும், திருகு சாதாரண இரும்பாக இருக்கும். காந்தம் திருகில் பளிச்சென்று ஒட்டினால் வேண்டாம். உப்புக்காற்றில் முதலில் போவது அந்தத் திருகுதான்.

மெக்கானிக் 'கிலோ' என்கிறார், பம்ப் பெட்டியில் பி.எஸ்.ஐ., வால்வில் பார். எல்லாம் ஒன்றா?
– ஐ.டி.ஐ. மாணவர், தண்டையார்பேட்டை

கடையில் சொல்லும் 1 கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 கிலோகிராம். அதுவும் 1 பாரும் நடைமுறையில் ஒன்றே, வித்தியாசம் 2 சதவீதம். 1 பார் 14.5 பி.எஸ்.ஐ., சுமார் 10 மீட்டர் தண்ணீர் உயரம். 40 பி.எஸ்.ஐ.யில் நிற்கும் படகு பம்ப் என்றால் 2.8 பார். இந்த எண்கள் மனதில் இருந்தால் போதும்.

எங்களுடையது துறைமுக வேலைப் படகு. குளியலறை, கழிப்பறை, கீசர் எல்லாம் உண்டு. மாதக்கணக்கில் ஒரே ஜெட்டியில் நிற்கும், ஆட்கள் உள்ளேயே தங்குகிறார்கள். நேர் இணைப்பு இல்லாமல் முடியாது. பி.ஆர்.வி. (பிரஷர் குறைக்கும் வால்வு) போட்டால் போதுமா? எவ்வளவுக்கு செட் செய்வது?
– பிளம்பர், திருவொற்றியூர்

ஆள் எப்போதும் உள்ளே இருக்கும் படகுக்கு நேர் இணைப்பைச் சம்மதிக்கலாம், வரிசை சரியாக இருந்தால். கரைக்குழாயிலிருந்து தொடங்கி: பால் வால்வு, வலை வடிகட்டி, பிரஷர் குறைக்கும் வால்வு, பிரஷர் கேஜ், நான் ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது), அதன் பிறகுதான் ஓஸ். படகு முனையில் இன்னொரு பால் வால்வு, அதை அடுத்து 4 கிலோவில் திறக்கும் ரிலீஃப் வால்வு. ரிலீஃபின் வாய் வெளியே, ஆள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விழ வேண்டும். பில்ஜுக்குள் விட்டால் அது பாதுகாப்புக் கருவியாக இருப்பதற்குப் பதிலாக இன்னொரு கசிவாகிவிடும்.

பி.ஆர்.வி.யைப் படகில் பொருத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ஓஸ் முழுவதும் கரைப் பிரஷரில் இருக்கும். கரைக்குழாய் அருகிலேயே வையுங்கள், ஓஸும் காப்பாற்றப்படும்.

செட் செய்வது 2 கிலோவுக்கு. காரணம், படகு பம்பின் ஸ்விட்ச் சாதாரணமாக 2.8 கிலோவில் நிற்கும். அந்த லைன், அந்தக் குழாய்கள், கழிப்பறை வால்வு எல்லாம் அந்த அளவுக்குப் பழகியவை. அதற்குக் கீழே இருங்கள். வால்வின் உடம்பில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லாக் நட்டைத் தளர்த்தி, எல்லாக் குழாயையும் மூடிய நிலையில் திருகை வலப்பக்கம் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். முள் 2-இல் நின்றதும் ஒரு குழாயைத் திறந்து மூடி, மறுபடி பாருங்கள். ஓடும்போது முள் 1.5 வரை இறங்குவது இயல்பு. மூடியதும் 2-க்குத் திரும்பி அங்கேயே நிற்க வேண்டும்.

'அங்கேயே' என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறோம். மூடிய பிறகு 15 நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். மெல்ல மெல்ல ஏறிக் கரைப் பிரஷரைத் தொட்டுவிட்டால் வால்வின் இருக்கையில் துரும்போ மணலோ சிக்கியிருக்கிறது. குழாய் திறந்திருக்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும், இரவில்தான் காட்டிக்கொடுக்கும். கழற்றி இருக்கையையும் டயாஃப்ரத்தையும் (உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு) கழுவிப் பாருங்கள், அடுத்தும் ஏறினால் உள்ளுறுப்பை மாற்றுங்கள். முன்னால் வலை வடிகட்டி கேட்பது இதற்காகத்தான். கேஜ் இல்லாமல் பி.ஆர்.வி. போடுவதில் பயனில்லை. அது வேலை செய்கிறதா என்பதே உங்களுக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது படகு பம்ப். கரைத் தண்ணீர் லைனில் இருக்கும்போது பம்ப் ஸ்விட்சை அணைத்து வையுங்கள். கரைக்குழாய் திடீரென்று நின்றால் பம்ப் தானாக ஓடத் தொடங்கி டேங்கை வறட்டிவிடும். பம்பின் வெளிவாயில் தனியாக ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போடுங்கள். டயாஃப்ரம் பம்புக்குள் இருக்கும் ரப்பர் வால்வில் அழுக்கு சிக்கினால் கரைத் தண்ணீர் பம்ப் வழியே பின்னோக்கி டேங்குக்குள் போகும், டேங்க் வழிந்து பில்ஜில் இறங்கும். எங்கும் பைப் உடையாது, எங்கும் கசிவு தெரியாது, படகு மட்டும் கனத்துக்கொண்டே வரும். காரணம் தேடி நாள்கணக்கில் அலைவது இந்தக் கோளாறில்தான்.

இரண்டாவது கீசர். நான் ரிட்டர்ன் வால்வு போட்ட பிறகு லைன் ஒரு மூடிய பாத்திரம். 25 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 0.3 லிட்டர் விரியும். முன்பு அது கரை லைனுக்குத் திரும்பிப் போயிருக்கும். இனி போக இடமில்லை, ஆகையால் பிரஷர் ஏறும். கீசரின் சொந்த ரிலீஃப் வால்வை மூடியோ அடைத்தோ வைக்காதீர்கள். லைனில் 2 லிட்டர் அளவுள்ள சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க் ஒன்றைச் சேருங்கள். லைன் காலியாக இருக்கும்போது அதன் காற்றை, லைன் பிரஷரைவிடச் சற்றுக் குறைவாக, 1.8 கிலோவுக்கு வையுங்கள்.

எல்லோரும் கரையிறங்கும் நாளில் இவ்வளவும் இருந்தாலும் கரைக்குழாயை மூடத்தான் வேண்டும்.

ஐந்து டேங்கர் லாரியில் ஒன்று உப்புக் கரிக்கிறது. குழாய்த் தண்ணீர் பிடித்தாலோ இரண்டே நாளில் பிளாஸ்டிக் வாடையும், சில சமயம் டீசல் வாடையும். போன தங்கலில் எங்கள் ஆட்கள் மூன்று பேருக்குக் கடலில் வயிற்றுப்போக்கு. டேங்கை என்ன செய்து கழுவுவது?
– படகு நடத்தும் குடும்பத்துப் பெண், காசிமேடு

அம்மா, இதில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

உப்பு முதலில். மீஞ்சூர், எண்ணூர் பக்கத்து நிலத்தடி நீரில் கடல்நீர் உள்ளேறிவிட்டது. போர்வெல் தண்ணீர் ஏற்றிய லாரி என்றால் கரிக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் வாங்கி, லாரி வால்வைத் திறந்ததும் ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2000 வரை. புழல் ஏரித் தண்ணீரோ, கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் தண்ணீரோ வரும் குழாயில் இந்தத் தொல்லை குறைவு. ஒன்றை மறக்காதீர்கள்: மீட்டர் காட்டுவது உப்பை மட்டும். எண் குறைவாக இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகாது.

வாடை ஓஸிலிருந்து வருகிறது. தோட்டத்துக்கு விற்கும் பச்சை ஓஸ் குடிதண்ணீருக்கு ஆனதல்ல. வெயிலில் கிடந்தால், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்த்த பொருள் தண்ணீரில் இறங்கும். குடிநீர்த் தரம் என்று அச்சிட்ட, உள்ளே நூல்வலை உள்ள ஓஸ் கேளுங்கள், பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். டீசல் வாடைக்குக் காரணம் வேறு. டீசலும் ஆயிலும் மிதக்கும் தண்ணீரில் ஓஸ் கிடந்தால் அது பிளாஸ்டிக்கை ஊடுருவி உள்ளே போகும். ஓஸில் ஓட்டை தேவையில்லை, உள்ளே பிரஷர் இருந்தாலும் தடுக்காது. இன்ஜின் அறைத் தரையில் ஓடும் குடிதண்ணீர் பைப்பும் அப்படித்தான். ஒருமுறை டீசல் ஊறிய ஓஸைக் கழுவி மீட்க முடியாது, தூக்கிப் போடுங்கள். மீன் கிடங்கு கழுவும் ஓஸ் வேறு, குடிதண்ணீர் ஓஸ் வேறு. நிறம் வேறாக வாங்கினால் பையன்கள் மாற்றி எடுக்க மாட்டார்கள். இரு முனைக்கும் மூடி போட்டு, தரையில் போடாமல் கொக்கியில் மாட்டி வையுங்கள்.

ஓஸில் தேங்கிய சூடான தண்ணீரை முதலில் வெளியே விடுங்கள். 30 மீட்டர் முக்கால் இஞ்ச் ஓஸில் எட்டரை லிட்டர் நிற்கும். ஒரு நிமிடம் ஓடவிட்டால் அது மூன்று தடவை மாறிவிடும்.

வயிற்றுப்போக்குக்கு மருந்து குளோரின். கரைக்குழாயில் கலந்து அனுப்பும் குளோரின், லைன் கடைசிக்கு வரும்போது குறைந்திருக்கும். உங்கள் டேங்கின் அடியில் ஒரு விரல் சேறு இருந்தால் மிச்சத்தை அதுவே தின்றுவிடும். தடைக்காலத்தில் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இப்படிச் செய்யுங்கள். டேங்கைக் காலி செய்து, சேற்றை வழித்து, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். 1000 லிட்டர் தண்ணீர் நிரப்புங்கள். 200 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றுங்கள். அடியில் படியும் சுண்ணாம்பு வேண்டாம், குழாயை அடைக்கும். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் இது லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகும். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூடுங்கள். பிளாஸ்டிக் டேங்க் என்றால் இரவு முழுக்க நிற்கலாம். ஸ்டெயின்லெஸ் டேங்கில் 4 மணி நேரம் போதும், அதற்கு மேல் உலோகத்தை அரிக்கும். பிறகு காலி செய்து இரண்டு முறை அலசுங்கள். இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லி, குழாயில் ஒரு துணி கட்டிவிடுங்கள்.

அன்றாடக் குடிதண்ணீருக்கு அளவு மிகவும் குறைவு. தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம், அரை மணி நேரம் காத்திருந்து குடிக்கலாம். சோதனைக் குப்பியில் குறைந்தது 0.2 மில்லிகிராம் காட்ட வேண்டும். வெயிலில் குளோரின் நாளுக்கு நாள் போய்விடும், அதனால் கடலில் நான்கு நாளுக்கு ஒருமுறை சோதித்துச் சேர்க்க ஸ்ராங்கிடம் (படகுத் தலைவர்) சொல்லிவையுங்கள். வாய் திறந்த பழைய பவுடர் பொட்டலம் துறைமுகக் காற்றில் சீக்கிரம் செத்துவிடும். சின்னப் பொட்டலமாக வாங்குங்கள்.

உயிர் போகும் விஷயம் இரண்டு. பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஆள் இறங்கும் அளவுக்குப் பெரிய இரும்பு டேங்கில், மூடியைத் திறந்ததும் இறங்காதீர்கள். துருப்பிடித்தல் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை எடுத்திருக்கும். முதலில் காற்றாடி வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். மேலே ஓர் ஆள் நிற்க, இடுப்பில் கயிறு கட்டி இறங்குங்கள்.

பக்கத்துப் படகுக்காரர், எங்கள் படகால்தான் ஜெட்டிக் குழாயில் அழுக்குத் தண்ணீர் வந்தது என்கிறார். தண்ணீர் எங்களுக்கு வருகிறதே தவிர எங்களிடமிருந்து எப்படிப் போகும்?
– படகு டிரைவர், ராயபுரம்

போகும். உங்கள் ஓஸ் முனை டேங்குக்குள், தண்ணீருக்கு அடியில் முங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் சப்ளை நின்று, யாராவது லைனில் மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ, தாழ்வான இடத்தில் ஒரு குழாயைத் திறந்தாலோ, லைனில் இழுப்பு உண்டாகும். டீசல் டேங்கிலிருந்து டியூப் போட்டு இறக்குவதைப் போல உங்கள் டேங்க் தண்ணீர் லைனுக்குள் போய்விடும். ஓஸ் முனை கடலில் விழுந்து கிடந்தால் துறைமுகத் தண்ணீர் போகும். அடுத்து குழாயைத் திறப்பவர் அதைக் குடிப்பார்.

இதற்குச் சிறந்த தடுப்பு காற்று இடைவெளி. ஓஸ் முனை டேங்கின் உச்ச நீர்மட்டத்துக்கு மேலே, ஓஸ் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது உயரத்தில் நிற்க வேண்டும். முக்கால் இஞ்சுக்கு 40 மில்லிமீட்டர், எந்த ஓஸுக்கும் 25-க்குக் குறையக் கூடாது. வாயில் ஒரு கொக்கி வைத்து ஓஸை அதில் மாட்டினால் முங்காது. நான் ரிட்டர்ன் வால்வும் போடுங்கள், ஆனால் ஒரு மணல் துகள் போதும் அது மூடாமல் போக. காற்று இடைவெளி பழுதாவதில்லை. பக்கத்துக்காரர் சொன்னது உண்மையா என்று எங்களால் சொல்ல முடியாது. அவர் சொன்னது நடக்கக்கூடியது.

காசிமேட்டில் ஜெட்டி ஓரம் இடம் கிடைப்பதில்லை. எங்களுக்கும் கரைக்கும் நடுவே மூன்று படகு. ஓஸ் அடிக்கடி வெட்டிப் போகிறது.
– படகுத் தொழிலாளி, காசிமேடு

ஓஸைப் படகுகளுக்கு இடையில் தொங்கவிடாதீர்கள். இரண்டு படகின் டயருக்கு நடுவே ஒருமுறை நசுங்கினால் உள்வலை அறுந்துவிடும், வெளியே தெரியாது, அடுத்த வாரம் அதே இடத்தில் வீங்கி வெடிக்கும். ஒவ்வொரு படகிலும் ஓஸை ஒரு கட்டையில் கயிற்றால் பிடித்துக் கட்டுங்கள். கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே தளர்வு விடுங்கள். சென்னையில் பெரிய ஓதத்தின்போது நீர்மட்டம் சுமார் 1 மீட்டர் ஏறி இறங்கும், அலையில் படகு ஆடுவது தனி. விளிம்பில் உரசும் இடத்தில் பழைய டயர் டியூபை வெட்டிச் சுற்றுங்கள். மே மாத வெயிலில் டெக்கில் கிடக்கும் பி.வி.சி. ஓஸ் இளகி, தாங்கும் பிரஷர் பாதிக்கும் கீழே போகும். மதியத்தில் பிடிப்பதைவிடக் காலையில் பிடியுங்கள். மின்சாரக் கேபிளோடு சேர்த்துக் கட்டுவது கூடவே கூடாது.

நடுவில் உள்ள படகு கிளம்பும்போது ஓஸ் இழுபடும். படகு முனையில் கையால் இழுத்தால் கழலும் கப்ளர் போடுங்கள். அது கழன்றால் தண்ணீர் வெளியே கொட்டும், உள்ளே பைப் பிய்யாது. ஓஸ் மாட்டியிருக்கும் வரை அதன் மூடியை உங்கள் இன்ஜின் சாவியோடு கட்டித் தொங்கவிடுங்கள். சாவியை எடுப்பவர் கையில் மூடியும் வரும்.

டெக்குக்கு அடியில் 500 லிட்டர் ஃபைபர் டேங்க். நிரப்பும்போது 'டப்' என்று சத்தம், மேல்மூடி விரிந்துவிட்டது. டேங்க் தரமில்லை என்று செய்தவரிடம் சண்டை போடலாமா?
– படகு உரிமையாளர், திருவொற்றியூர் குப்பம்

சண்டைக்கு முன் காற்றுக்குழாயைப் பாருங்கள். ஓஸை டெக் வாயில் இறுக்கமாகத் திருகி மாட்டி, காற்றுக்குழாயைக் குளவிக்கூடோ உப்போ அடைத்திருந்தால் கரைப் பிரஷர் முழுவதும் டேங்க் மூடியில் விழும். 1 கிலோ பிரஷர் ஒரு சதுர மீட்டரில் 10 டன். உங்கள் மூடி 1.2 மீட்டருக்கு 60 சென்டிமீட்டர் என்றால் 7 டன். எந்த ஃபைபர் டேங்கும் அதைத் தாங்கச் செய்யப்படுவதில்லை. அடைப்பே இல்லாவிட்டாலும், நிரப்புவது ஒரு இஞ்ச், காற்றுக்குழாய் அரை இஞ்ச் என்றால் டேங்க் நிறைந்த நொடியில் வழிய இடம் போதாது.

காற்றுக்குழாய் நிரப்பு பைப்பின் அளவுக்காவது இருக்கட்டும். டெக்குக்கு மேலே வந்து கீழ்நோக்கி வளைந்து, முனையில் வலை இருக்கட்டும். நிரப்பும்போது அதன் வாயில் கை வைத்துப் பாருங்கள், காற்று வர வேண்டும். வராவிட்டால் உடனே குழாயை மூடுங்கள். ஓஸை டெக் வாயில் திருகாமல் தளர்வாக நுழையுங்கள். அதே அடைப்பு கடலில் எதிர்ப்பக்கம் வேலை செய்யும்: பம்ப் உறிஞ்ச உறிஞ்ச டேங்க் உள்நோக்கிச் சப்பிப் போகும்.

கூரையில் 1000 லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு 2000 லிட்டர் வைக்கலாமா?
– ஸ்ராங்கு, காசிமேடு

வேண்டாம். 50 டன் படகில், படகின் எடை மையத்துக்கு 3 மீட்டர் மேலே 1 டன் வைத்தால் மையம் சுமார் 6 சென்டிமீட்டர் உயரும். 2 டன் என்றால் 11.5 சென்டிமீட்டர். மேலே சொன்ன 35 சென்டிமீட்டரோடு ஒப்பிடுங்கள். 10 பேர், 10 நாள், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர் என்றால் 800 லிட்டர்தான் தேவை. அதிகம் வேண்டுமென்றால் டெக்குக்கு அடியில் வைத்து, கைப்பம்பால் மேலே 200 லிட்டர் டேங்குக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.

எங்களுடையது ஃபைபர் படகு. கேனில்தான் தண்ணீர் எடுத்துப் போகிறோம். இதெல்லாம் எங்களுக்குத் தேவையா?
– மீனவர், எண்ணூர்

தேவையில்லை. 20 லிட்டர் கேனை நிழலில், படகின் நடுவில், உருளாமல் கட்டி வையுங்கள். டீசல் கேனின் பக்கத்தில் வேண்டாம்.

ஜூன் 14-க்கு முன் எல்லா லைனையும் ஒரே தடவையில் சோதிக்க வழி இருக்கிறதா?
– பிளம்பர், தண்டையார்பேட்டை

இருக்கிறது, கரைத் தண்ணீர் இல்லாமலே செய்யலாம். டேங்கில் 50 லிட்டர் மட்டும் விடுங்கள். வெடித்தாலும் அவ்வளவுதான் கொட்டும். லைன் கடைசியில் ஒரு கேஜ் மாட்டி, குழாய்களைத் திறந்து காற்றை வெளியேற்றி, மூடுங்கள். பம்ப் 2.8 கிலோவில் நின்றதும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரம் முள் நின்றால் லைன் சரி. இறங்கினால் சிங்க்குக்கு அடியில், பம்ப் வாயில், கீசர் இணைப்பில் என்று ஒவ்வொரு கிளிப்பின் கீழும் காய்ந்த பேப்பரை வைத்துப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரம் பேப்பரில் தெரியும். எங்கும் ஈரமே இல்லாமல் முள் மட்டும் இறங்கினால் பம்ப் வாயில் உள்ள நான் ரிட்டர்ன் வால்வு பின்னோக்கி விடுகிறது, அதைக் கழற்றிக் கழுவுங்கள். கூரை டேங்க் மட்டுமே உள்ள பம்ப் இல்லாத படகுக்கு, தோட்ட மருந்து அடிக்கும் கைப்பம்ப் புதிதாக ஒன்று வாங்கி, டேங்க் வால்வை மூடி, லைனை 1 கிலோவுக்கு ஏற்றிப் பாருங்கள். மருந்து அடித்த பழைய பம்பைக் குடிதண்ணீர் லைனில் மாட்டிவிடாதீர்கள்.